பச்சை உடம்புக்காரியும் நர்சரிக் கதவும்

கேள்வி: எனக்கு வயது 26. முதல் பிரசவம். 33-ஆவது வாரத்தில் பி.பி. திடீரென ஏறிவிட்டதால் எங்கள் ஊர்த் தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, 1 கிலோ 620 கிராம். மூச்சுத் திணறல் இருந்ததால் அன்று ராத்திரியே 108-இல் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் இங்கே, அவள் 40 கிலோமீட்டர் தள்ளி அங்கே. ஐந்தாம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏழாம் நாள்தான் அவளை முதன்முதலில் பார்த்தேன், பத்து நிமிடம். தொடவில்லை, தொட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். மூக்கில் இருந்த குழாயை எடுத்துவிட்டார்கள், வாயில் பால் குழாய் இருக்கிறது. காமாலைக்கு லைட்டில் வைத்திருந்தார்கள். அங்கிருந்த நர்ஸ் அக்கா, 'நீ போய் ரெஸ்ட் எடும்மா, நாங்க பாத்துக்கிறோம்' என்றார். வீட்டில் அம்மா, 'பச்சை உடம்பு, தையல் வேற, காத்து படக் கூடாது, பதினாறு கழியட்டும்' என்கிறார். தண்ணீர்கூட நாளுக்கு மூன்று, நான்கு டம்ளர்தான் தருகிறார். அதிகம் குடித்தால் தையல் சீழ் பிடிக்குமாம். நாள் முழுக்கப் பீய்ச்சினாலும் பால் 30 மில்லிதான் வருகிறது. அதை என் கணவர் கொண்டுபோகிறார். பி.பி. மாத்திரை தீர்ந்துவிட்டது. தலை வலித்துக்கொண்டே இருக்கிறது, தூக்கம் இல்லாததால் இருக்கும். அழுகை வருகிறது. யாராவது 'குழந்தை எங்கே?' என்று கேட்டால் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவளுக்கு நான் யாரென்று தெரியுமா டாக்டர்? இன்று ஒன்பதாவது நாள். (பெயர், ஊர் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 'பி.பி. மாத்திரை தீர்ந்துவிட்டது, தலை வலிக்கிறது' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன்.

குழந்தையை எடுத்துவிட்டால் பி.பி. இறங்கிவிடும் என்று எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் பிரசவம் முடிந்து மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரைதான் அது மறுபடி ஏறிப் பார்க்கும். வலிப்பு வரும் ஆபத்து வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரங்களுக்கு உண்டு. விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, பார்வை மங்குவது, மேல்வயிற்றில் வலி, மூச்சு வாங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அதைத் தூக்கமின்மை என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. அன்றைக்கே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.பி. பாருங்கள். 140/90-க்கு மேல் இருந்தால் அன்றே டாக்டரைப் பார்த்து மாத்திரையைத் தொடர வேண்டும். 160/110-ஐத் தொட்டால் அது அவசரம், 108-ஐக் கூப்பிடுங்கள். நிஃபெடிபைன், லாபெட்டலால் போன்ற மாத்திரைகளைப் பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம். மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். பட்டை காலியாவது அதற்குக் கணக்கில்லை.

பி.பி.யோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியவை: ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதும் நனைகிற அளவு ரத்தப்போக்கு, நாற்றம், காய்ச்சல், தையலில் சிவப்போ நீரோ கசிவது, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது. இவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. வீட்டில் எல்லோர் கண்ணும் குழந்தை மேல் இருக்கும்போது தாயின் உடம்பில் நடப்பதைப் பார்க்க ஆளில்லாமல் போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் குழந்தையும் இல்லை, அவளைப் பற்றிய கவலை மட்டும்தான் இருக்கிறது. அதனால் உங்களைக் கவனிப்பது இன்னும் குறைந்திருக்கும்.

சரி, இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

அவளுக்கு உங்களைத் தெரியும். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கருவிலிருக்கும் குழந்தைக்கு ஏழாவது மாதத்திலேயே காது கேட்கத் தொடங்கிவிடும். உங்கள் குரலை அவள் வாரக்கணக்கில் உள்ளிருந்து கேட்டிருக்கிறாள். 1980-இல் அமெரிக்காவில் ஆண்டனி டிகாஸ்பர், வில்லியம் ஃபைஃபர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சூப்பானைச் சப்பும் விதத்தைப் பொறுத்துத் தாயின் குரலோ வேறொரு பெண்ணின் குரலோ கேட்கும்படி ஏற்பாடு. குழந்தைகள் தாயின் குரல் வரும் விதமாகச் சப்பலை மாற்றிக்கொண்டன. உங்கள் மகள் குறைமாதத்தில் பிறந்தவள், அவளால் தலையைத் திருப்பி உங்களைத் தேட முடியாது, அவ்வளவுதான். நர்சரியில், அதாவது அவளை வைத்திருக்கும் சிசு சிகிச்சைப் பிரிவில், நிற்கும்போது ஊமையாக நின்றுவிட்டு வராதீர்கள். வயிற்றில் இருந்தபோது அவளிடம் என்ன பேசினீர்களோ அதையே பேசுங்கள். மெதுவாக, முகத்துக்குக் கிட்டே.

அடுத்தது தொடுவது. நீங்கள் தொடாமல் வந்ததற்கு உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். சுற்றிலும் ஒயர், மெஷின் சத்தம், யாரும் 'தொடுங்க' என்று சொல்லவில்லை. யாராக இருந்தாலும் கையைப் பின்னால்தான் கட்டிக்கொள்வார்கள். ஆனால் இனிமேல் தொடுங்கள். மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் கழற்றிவிட்டு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நன்றாகக் காயட்டும், ஈரக் கை குளிரும். விரல் நுனியால் தடவாதீர்கள், குறைமாதக் குழந்தையின் தோலுக்கு அது கூச்சம், எரிச்சல். ஒரு உள்ளங்கையைத் தலையில் தொப்பி போலக் கவிழ்த்து, இன்னொன்றால் கால்களை மடக்கிப் பொத்தி, அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கர்ப்பப்பையின் சுவர் அவளைப் பிடித்திருந்ததும் அப்படித்தான்.

மெஷின் அலறினால் பதற வேண்டாம். பெரும்பாலும் காலில் கட்டிய ஆக்சிஜன் பார்க்கும் ஒயர் நழுவியிருக்கும். முதலில் குழந்தையைப் பாருங்கள்: நிறம் ரோஜாவாக இருக்கிறதா, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று. இரண்டும் சரியாக இருந்தால் நர்ஸைக் கூப்பிட்டு ஒயரைக் காட்டினால் போதும். நிறம் மங்கி மூச்சு நின்றாற்போல் தெரிந்தால் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே சத்தமாகக் கூப்பிடுங்கள். இதை ஒரு நாளில் கற்றுக்கொண்டுவிடுவீர்கள்.

இப்போது நான் சொல்லவேண்டிய முக்கியமான விஷயம். அந்த நர்சரியில் நீங்கள் பார்வையாளர் இல்லை. பெட்டி, லைட், ஊசி மருந்து போல நீங்களும் அவளுடைய சிகிச்சையில் ஒரு பகுதி. வீட்டில் நீங்கள் படுத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அந்தப் பகுதி மட்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

நான் மேற்படிப்புப் படித்த காலத்தில் எங்கள் நர்சரிக்கு வெளியே ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். தாய்மார்கள் அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். 'கிருமி வந்துவிடும்' என்பதுதான் நாங்கள் சொன்ன காரணம். அப்போது அதை நானும் நம்பினேன், பல தாய்மார்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்று நினைத்தால் மனசு கனக்கிறது. ஏனென்றால் 1978-லேயே கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே சனப்ரியா என்ற டாக்டர், இன்குபேட்டர் போதாமல் இரண்டு மூன்று குழந்தைகளை ஒன்றாகப் போட வேண்டிய நிலையில், நிலைமை தேறிய குழந்தைகளைத் தாயின் மார்போடு கட்டி வைக்கத் தொடங்கியிருந்தார். கங்காரு முறை அங்கிருந்து வந்ததுதான். அடுத்த ஆண்டே எஸ்டோனியாவின் தாலின் நகரில் ஆடிக் லெவின் என்ற டாக்டர், நர்ஸ் பற்றாக்குறையால் தாய்மார்களை நர்சரிக்குள் இரவும் பகலும் தங்க வைத்தார். ஊசி தவிர மற்ற எல்லாவற்றையும் தாய்மாரே செய்தார்கள். ஆள் இல்லாமல், கருவி இல்லாமல் வேறு வழியின்றிச் செய்தது, வசதியுள்ள இடங்களில் செய்துகொண்டிருந்ததைவிட நல்லதாகப் போனது.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் ஆப்பிரிக்காவின் நான்கு மருத்துவமனைகளும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2021-இல் வெளியானது. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த, அதாவது உங்கள் மகளைப் போன்ற 3,211 குழந்தைகள் அதில் இருந்தார்கள். பிறந்த உடனேயே தாயின் மார்போடு சேர்த்து, தாய்க்கும் நர்சரிக்குள்ளேயே கட்டில் போட்டுக் கொடுத்த பிரிவில் 28 நாளுக்குள் இறந்த குழந்தைகள் 12 சதவீதம். நிலைமை தேறட்டும் என்று தள்ளி வைத்திருந்த பிரிவில் 15.7 சதவீதம். அதாவது நாலில் ஒரு மரணம் குறைந்தது. புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை, தாயை உள்ளே விட்டார்கள். அடுத்த ஆண்டு உலக சுகாதார நிறுவனமும் இதையே பரிந்துரைத்தது. நோயுற்ற சிசுவின் பராமரிப்பில் குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மத்திய அரசு 2017-லேயே வழிகாட்டி நெறிமுறை தந்திருக்கிறது. ஆகவே நீங்கள் போய்க் கேட்டால் அது சலுகை கேட்பது ஆகாது.

உங்கள் மகளுக்கு மூக்குக் குழாய் எடுத்தாயிற்று. கங்காருவுக்கு இது நல்ல நேரம். வாயில் பால் குழாய் இருப்பது தடையே இல்லை. முன்பக்கம் திறக்கிற நைட்டியோ தொளதொளப்பான ஜாக்கெட்டோ போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ், நாப்பி மட்டும். இரு மார்புகளுக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்து, தவளை போல் கால்கள் அகன்றிருக்க, தலையை ஒரு பக்கம் திருப்பி, மூக்கும் வாயும் தெரியும்படி வைத்து, மேலே துணியால் கட்டிவிடுவார்கள். 'தையல் மேல் படாதா?' என்று கேட்பீர்கள். படாது, தையல் அடிவயிற்றில் கீழே இருக்கிறது, அவள் உட்காருவது நெஞ்சில். சாய்வாக உட்கார்ந்துகொள்ளுங்கள். ஒரு தடவை வைத்தால் குறைந்தது ஒரு மணி நேரம். அடிக்கடி எடுத்து வைப்பதுதான் குழந்தையைக் களைக்க வைக்கும். நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் முடிந்தால் ரொம்ப நல்லது. உங்களால் முடியாத நேரத்தில் உங்கள் கணவரின் மார்பு போதும், உங்கள் அம்மாவும் வைத்துக்கொள்ளலாம். ஆண்களை உள்ளே விடத் தயங்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. பொறுமையாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

எங்கள் பிரிவில் ஒரு தாய். 1 கிலோ 400 கிராம் குழந்தை, பன்னிரண்டாம் நாள் முதன்முதலாக மார்பில் வைத்தோம். மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடத்தில் மானிட்டரில் 92-இல் ஆடிக்கொண்டிருந்த ஆக்சிஜன் எண் 96-இல் போய் நின்றது. அதைக் காட்டி, 'பாருங்க, நீங்க மூச்சு விட்டா அவனும் விடுறான்' என்றார் எங்கள் நர்ஸ். அப்போதுதான் அந்தப் பெண் மூச்சு விட்டார். அப்புறம் கீழே பார்த்தால் அவர் ஜாக்கெட் இரு பக்கமும் பாலில் நனைந்திருந்தது. அதுவரை அவருக்கும் நாளுக்கு முப்பது, நாற்பது மில்லிதான்.

அதனால் பாலுக்கு வருகிறேன். 33 வாரத்தில் பிரசவம், ஆபரேஷன், பி.பி., குழந்தை பக்கத்தில் இல்லை: பால் தாமதமாக இந்த நாலும் போதும். உங்கள் உடம்பில் குறை இருக்கிறது என்று அர்த்தமில்லை. மார்பிலிருந்து எடுக்க எடுக்கத்தான் சுரக்கும். எத்தனை தடவை பீய்ச்சுகிறீர்கள் என்று எழுதவில்லை. நாளுக்கு நான்கு, ஐந்து தடவை இருக்கும் என்று ஊகிக்கிறேன். எட்டிலிருந்து பத்துத் தடவை வேண்டும், ராத்திரி ஒரு தடவையாவது கட்டாயம். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம். கங்காரு முடிந்த கையோடு பீய்ச்சினால் இன்னும் நன்றாக வரும். ஒன்பதாம் நாள் என்பது தாமதம்தான், கைமீறிப் போகவில்லை.

பீய்ச்சும் முறை பலருக்குச் சொல்லிக் கொடுக்கப்படுவதே இல்லை. காம்பைப் பிடித்து இழுக்கிறார்கள், வலிக்கும், வராது. வெதுவெதுப்பான துணியை ஐந்து நிமிடம் ஒற்றிக்கொண்டு, மார்பைச் சுற்றி மெதுவாக நீவிவிடுங்கள். கட்டைவிரலைக் கருவட்டத்தின் மேல் ஓரத்திலும் ஆள்காட்டி விரலைக் கீழ் ஓரத்திலும் வைத்து, முதலில் நெஞ்செலும்பை நோக்கிப் பின்னால் அழுத்துங்கள். பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி விடுங்கள். அழுத்து, அமுக்கு, விடு. தோலில் விரல் வழுக்கக் கூடாது. முதல் ஓரிரு நிமிடம் ஒன்றும் வராது, நிறுத்திவிடாதீர்கள். விரல்களை மணிக்கூண்டு முள் போல இடம் மாற்றிக்கொண்டே வாருங்கள். கொதிக்க வைத்துக் கழுவிய எவர்சில்வர் கிண்ணத்தில் பிடித்து, மூடிபோட்ட பாத்திரத்தில் தேதியும் நேரமும் ஒட்டி வையுங்கள். நம்மூர் வெயிலுக்கு வெளியே நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைக்கலாம். கணவர் கொண்டுபோகும்போது ஐஸ் போட்ட பெட்டியில் போகட்டும்.

முப்பது மில்லியை அற்பமாக நினைக்காதீர்கள். அவளுடைய ஒரு வேளைப் பால் இப்போது அநேகமாக 25, 30 மில்லிதான். அந்த ஒரு வேளை முழுக்க உங்களுடையது. குறைமாதக் குழந்தையின் குடல் அழுகிப்போகும் ஒரு கொடிய நோய் உண்டு, அதிலிருந்து காப்பதில் தாய்ப்பாலுக்கு ஈடு எதுவுமில்லை. மீதி வேளைக்குத் தாய்ப்பால் வங்கியில் கிடைக்குமா என்று கேளுங்கள். 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். இன்று தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவக் கல்லூரிகளில் அது இருக்கிறது. தானமாக வந்த பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துக் கிருமி நீக்கிக் கொடுப்பார்கள். வங்கியிலும் இல்லையென்றால் குறைமாதக் குழந்தைக்கான பவுடர் கொடுப்பார்கள். அதற்காக மனம் உடைய வேண்டாம், அவள் வளரவேண்டும்.

அவளுக்கு இப்போது 34 வாரம் தாண்டிவிட்டது. சப்பி, விழுங்கி, மூச்சுவிடும் மூன்றையும் கோர்த்துச் செய்யும் திறமை இந்த நேரத்தில்தான் வரும். அடுத்த கட்டம் பாலாடை. நம் பாட்டிமார் கையில் இருந்த அதே சங்கு. இன்று உலகமெங்கும் சிசு மருத்துவர்கள் அதைப் 'பாலாடை' என்றே எழுதுகிறார்கள். பாலாடையின் மூக்கு நுனியை அவள் உதட்டோரத்தில் வைத்து, பாலைச் சொட்டுச் சொட்டாகச் சாய்க்க வேண்டும். ஊற்றக் கூடாது, அவள் நாக்கை நீட்டி எடுத்துக்கொள்ளட்டும், விழுங்கியதும் அடுத்தது. முதல் நாள் பாதி கழுத்துத் துணியில்தான் போகும், உங்கள் கை நடுங்கும், அந்த நர்ஸ் அக்கா பக்கத்தில் இருப்பார். 'போய் ரெஸ்ட் எடும்மா' என்று அவர் அன்பாகத்தான் சொல்லியிருப்பார். ஒரே ஆள் பல குழந்தைகளைப் பார்க்கும் வேலை அது. 'அக்கா, இந்த வேளைப் பாலை நான் கொடுக்கட்டுமா?' என்று கேட்டுப் பாருங்கள், அவர் சுமையும் குறையும்.

காமாலை லைட்டைப் பற்றி ஒன்று. சில பாட்டிமார் 'வெயிலில் காட்டியிருந்தால் லைட் எதற்கு' என்பார்கள். அதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. 1956-இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் சிஸ்டர் வார்டு என்ற நர்ஸ் குறைமாதக் குழந்தைகளைத் தோட்டத்து வெயிலுக்குக் கொண்டுபோவார். ஒரு குழந்தையின் உடம்பில் மஞ்சள் வெளுத்திருக்க, துணி மூடியிருந்த ஒரு முக்கோணம் மட்டும் அப்படியே மஞ்சளாக இருந்ததை அவர்தான் டாக்டர்களுக்குக் காட்டினார். நீல வெளிச்சச் சிகிச்சை அங்கிருந்து பிறந்தது. ஆனால் 1.6 கிலோ குழந்தையை வெயிலில் காட்டினால் குளிரும், சுடும், எவ்வளவு வெளிச்சம் கிடைத்தது என்று தெரியாது. லைட்டுக்கு அளவு உண்டு. வெயில் வேண்டாம். இதை நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பக்கத்திலேயே இருந்து கவனித்த ஒருவர் கண்ணில் பட்டதுதான் அந்தக் கண்டுபிடிப்பு. நீங்களும் பக்கத்தில் இருந்தால் 'இன்னிக்கு அழுகை மெல்லிசா இருக்கு', 'வயிறு உப்பினாப்ல இருக்கு' என்று எங்களுக்கு முன்னால் சொல்வீர்கள். தாய் அப்படிச் சொன்னால் நான் உடனே எழுந்துபோய்ப் பார்ப்பேன்.

உங்கள் அம்மாவிடம் எப்படிப் பேசுவது? அவரை எதிர்த்து நிற்கச் சொல்ல மாட்டேன். பச்சை உடம்பு என்று அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது: ஓய்வு வேண்டும், கனம் தூக்கக் கூடாது, சூடான சாப்பாடு வேண்டும், வீட்டு வேலை வேறு யாராவது செய்ய வேண்டும். பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, பால் சுறா புட்டு, முட்டை எல்லாம் அவர் கையால் சாப்பிடுங்கள். ஆனால் தண்ணீர் விஷயத்தில் அவர் சொல்வது தவறு. தையல் சீழ் பிடிப்பது கிருமியால், தண்ணீரால் அல்ல. தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, தலைவலி, காலில் ரத்தம் உறையும் ஆபத்து. தாகம் எடுக்கும்போதெல்லாம் குடியுங்கள், பால் பீய்ச்ச உட்காரும்போது பக்கத்தில் ஒரு செம்பு இருக்கட்டும். லிட்டர் லிட்டராகக் குடித்தால் பால் பெருகும் என்பதும் இல்லை. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை ஆறு மாதம் விடாமல் சாப்பிடுங்கள். நடந்தால் தையல் பிரியாது. படுத்தே இருந்தால்தான் கெடுதல். வலிக்குப் பாரசிட்டமால் போடலாம், பாலுக்கு ஒன்றும் ஆகாது. வலியைச் சகித்துக்கொண்டிருந்தால் பால் இறங்குவதுதான் தடைபடும்.

'காத்து படக் கூடாது' என்ற கவலைக்கு என் யோசனை: அம்மாவையும் கூட்டிக்கொண்டே போங்கள். காதில் துணி கட்டிவிட்டு அவரே உங்களை அழைத்துப் போகட்டும். பேத்தியை ஒருமுறை நெஞ்சில் வைத்துக்கொண்ட பாட்டி, பதினாறு கழியட்டும் என்று பிறகு சொல்லமாட்டார். தினமும் 80 கிலோமீட்டர் போய் வருவது உங்கள் உடம்புக்கு ஆகாது. அந்த மருத்துவமனையில் தாய்மார் தங்கும் அறையோ கங்காரு வார்டோ இருக்கும். 'அம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று நர்சரி டாக்டரிடமே கேளுங்கள். அங்கேயே உங்கள் பி.பி.யையும் தையலையும் மகப்பேறு டாக்டர் பார்த்துவிடுவார்.

அழுகையைப் பற்றி. பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுவது பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு உண்டு, இரண்டு வாரத்துக்குள் வடிந்துவிடும். உங்களுக்குக் காரணத்தோடே வருகிறது. இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால், குழந்தை தூங்கும் நேரத்தில்கூடத் தூக்கம் வராவிட்டால், சாப்பாடு பிடிக்காவிட்டால், எதிலும் ஒட்டாமல் மரத்துப்போனது போல் இருந்தால் அது மனச்சோர்வு நோய். அதற்கு மருத்துவம் இருக்கிறது, பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. செத்துவிடலாம் என்றோ குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவோமோ என்றோ ஒரு நொடி தோன்றினாலும், இல்லாத குரல் கேட்டாலும், ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். உங்கள் கணவரும் இந்தப் பத்தியைப் படிக்கட்டும்.

'குழந்தை எங்கே?' என்று கேட்பவர்களுக்கு, 'மெடிக்கல் காலேஜில் இருக்கிறாள், எடை ஏறியதும் வருவாள்' என்று சொல்லுங்கள். விளக்கம் தேவையில்லை.

எப்போது வீட்டுக்கு விடுவார்கள்? உடம்புச் சூட்டை அவளே காத்துக்கொள்ள வேண்டும், பால் முழுவதும் வாயால் குடிக்க வேண்டும், மூச்சு இடையில் நிற்காமல் சில நாள் போக வேண்டும், எடை தொடர்ந்து ஏற வேண்டும். பிறந்த எடையைத் திரும்பத் தொடவே இரண்டு வாரம் ஆகலாம். அதன் பிறகு நாளுக்கு 20, 25 கிராம் ஏறினால் நன்றாகப் போகிறது என்று பொருள். தினம் எடையைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் கங்காரு தொடரட்டும். சேனை, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால், உரை மருந்து, மூக்கில் காதில் எண்ணெய், சாம்பிராணிப் புகை எதுவும் வேண்டாம். குளிப்பாட்ட அவசரமில்லை, துடைத்தால் போதும்.

எல்லாவற்றையும் மறந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது: கண் பரிசோதனை. 34 வாரத்துக்கு முன் அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் விழித்திரையின் ரத்தக் குழாய்கள் சரியாக வளர்கின்றனவா என்று 30 நாளுக்குள் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் கண் அழகாகத்தான் இருக்கும். விழித்திரை டாக்டர் சொட்டு மருந்து போட்டு உள்ளே பார்த்தால்தான் தெரியும். சரியான வாரத்தில் பிடித்தால் லேசரில் காப்பாற்றலாம், விட்டால் பார்வை திரும்பாது. 1996-இல் சென்னையில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு இந்தப் பரிசோதனை வேண்டும் என்று பெற்றோரிடம் யாரும் சொல்லாததால் பார்வையே போனது. 2015-இல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்தக் குடும்பத்துக்கு அது பத்தொன்பது வருடம். உங்கள் மகள் அப்போது நர்சரியிலேயே இருந்தாலும், வீட்டுக்கு வந்துவிட்டாலும், முப்பதாம் நாளுக்குள் பார்த்தாக வேண்டும். இன்று ஒன்பதாம் நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். காலண்டரில் இப்போதே வட்டம் போடுங்கள். காது கேட்கும் பரிசோதனையையும் அதோடு சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

இதைப் படிக்கும் மற்ற குடும்பங்களுக்கு: கர்ப்ப காலத்தில் பி.பி. ஏறுகிறது, குறைமாதத்தில் பிரசவம் ஆகலாம் என்று தெரிந்தால், சிசு தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும் மருத்துவமனைக்குக் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே போய்விடுங்கள். தாயின் வயிற்றைவிடப் பாதுகாப்பான ஆம்புலன்ஸ் கிடையாது, அம்மாவும் மகளும் 40 கிலோமீட்டர் பிரியவும் வேண்டாம்.

சகோதரி, முதலில் பி.பி., அதை இன்றைக்கே பாருங்கள். நாளைக் காலை நர்சரி. முன்பக்கம் திறக்கும் நைட்டி ஒன்று, கட்டிக்கொள்ளப் பழைய மெல்லிய பருத்திப் புடவைத் துண்டு ஒன்று, மூடிபோட்ட கிண்ணம், தண்ணீர் பாட்டில், உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டு, இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வரும்போது அந்தத் துண்டில் பாதியைக் கிழித்து அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு, மீதியை நீங்கள் கொண்டுவந்துவிடுங்கள். ராத்திரி பால் பீய்ச்சும்போது அது பக்கத்தில் இருக்கட்டும். அவள் வாசனை அதில் இருக்கும், பால் நன்றாக இறங்கும்.